எங்க வீட்டு மாத்திரை

நல்லா சாஞ்சு உக்காருங்கம்மா, இடம் கெடக்கு. அவுக மேல கை பட்டாலும் ஒண்ணுமில்ல, முழிக்க மாட்டாக. எங்க மாமனாரு. தொண்ணூத்திமூணு முடிஞ்சிட்டு. தலை மட்டும் சன்னல் பக்கம் சாஞ்சா லேசா நிமித்தி விட்டுருங்க, கம்பியில இடிச்சுக்கிடுவாக.

ராஜபாளையத்துலயா ஏறுனீய? நாங்க சங்கரன்கோயில். மதுரைக்குத்தான் போறோம். மூத்த அத்தான் வீட்டுல இவுகளக் கொண்டு விடணும். மூத்த அத்தான்னா எங்க வீட்டுக்காரவுகளுக்கு அண்ணன். இனிமே அவுக முறை.

முறைன்னா தெரியும்லா? மாமாவுக்கு மூணு பயலுவ. மூத்தவுக மதுரை, நடுவுல உள்ளவுக கோயம்புத்தூரு, கடைசி எங்க வீட்டுக்காரவுக. நாலு மாசம் ஒரு வீடுன்னு வச்சிருக்கோம். அத்தை இருந்தப்ப அவுகளுக்கும் அதே முறைதான், ஆனா வேற வீடு. மாமா மதுரையில இருந்தா அத்தை கோயம்புத்தூரு, மாமா எங்க வீட்டுக்கு வந்தா அத்தை மதுரை. ரெண்டு பேரையும் ஒரே வீட்டுல வச்சா அந்த வீட்டுக்குப் பாரம் ஆயிரும்லா? நல்லா யோசிச்சுத்தான் செஞ்சோம். பொங்கலுக்கு எல்லாரும் ஒண்ணா கூடுவோம், ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சு போட்டோ எடுப்போம். ஒரு குத்தம் சொல்ல முடியாது.

அந்தக் கட்டப்பைய மிதிச்சிராதீங்க. அதுதான் மாத்திரைப் பை. ஆள் ஒரு வீட்டுலருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும்போது பையும் கூடவே போகும். துணிமணிய மறந்தாலும் மறக்கலாம், பைய மறக்கப்படாது. அதை மறந்ததுல வந்த வினைதான் நான் இப்ப உங்ககிட்ட சொல்லப் போறது.

எனக்கு மாத்திரைப் பேரெல்லாம் தெரியாதும்மா. எந்த மாத்திரை எந்த வீட்டுதுன்னு தெரியும். இந்தா, இந்தச் செவப்பு அட்டை மதுரை வீட்டு மாத்திரை. பிரஷருக்கு. மூத்தக்கா, மூத்த அத்தான் பொஞ்சாதி, அவளோட டாக்டர்ட்ட காட்டி வாங்குனது. இந்த வெள்ளை, கோயம்புத்தூர் வீட்டு மாத்திரை. அதுவும் பிரஷருக்குத்தான், ஆனா அவுக டாக்டரு பெரிய டாக்டரு. மாமாவுக்கு எந்திரிச்சா தலை சுத்துச்சு. சும்மா விட்டோமா? தலை சுத்தலுக்குக் கோயம்புத்தூர்ல ஒண்ணு வாங்கிக் குடுத்தாக. கொஞ்ச நாள்ல கை நடுங்க ஆரம்பிச்சிட்டு, டம்ளரப் பிடிக்க முடியல. அதுக்கு மதுரையில ஒண்ணு. அப்புறம் பாத்துக்கிடுங்க, கட்டில்ல பூனை உக்காந்திருக்குன்னாக. எங்க வீட்டுல ஏது பூனை? அதுக்கு மறுபடி கோயம்புத்தூர்ல ராத்திரிக்கு ஒண்ணு. அதுல வயிறு கட்டிட்டு, வயித்துக்கு ஒண்ணு. இப்படி ஒவ்வொண்ணா, ஒண்ணு விடாமப் பாத்திருக்கோம். இந்த வயசு வரைக்கும் சும்மாவா இருக்காக? அவ்வளவும் மாத்திரைதான்.

ஆனா எங்க வீட்டு மாத்திரைன்னு பையில ஒண்ணுகூட இல்ல. அதுதான் எனக்குக் குறை. நம்ம முறையில அவுகளுக்கு ஒண்ணும் வராது, வந்தா நான் கஷாயம் வச்சுக் குடுத்துருவேன், சரியாயிரும். மூத்தக்கா ஒரு வளைகாப்பு வீட்டுல அத்தன பேரு முன்னால சொல்லுதா, "சங்கரன்கோயில்லருந்து ஒரு மாத்திரை வந்திருக்கா? டாக்டரக் காட்டுனாத்தான வரும்"னு. நான் நாலு மாசம் நரகல் அள்ளுனது ஒருத்தர் கண்ணுலயும் படல, பாத்துக்கிடுங்க. மாத்திரைன்னா கண்ணுக்குத் தெரியுது.

அந்த நாலு மாசமும் நான் வாசப்படி தாண்ட முடியாது. காலைல வெறும் வயித்துல ஒண்ணு, சாப்புட்டு ஒரு கை நெறைய, மத்தியானம், சாயந்தரம், ராத்திரி. ஒண்ணு குடுத்து அடுத்தது குடுக்குறதுக்குள்ள எங்க போவ? ஆடித்தபசுக்கு ஊரு பூரா கோமதியம்மன் வாசல்ல நிக்கும், நான் மொட்டை மாடியில நின்னு கொட்டுச் சத்தத்தக் கேப்பேன். எம்மக செண்பகத்துக்கு மொத பிரசவம், அப்ப எங்க முறை. தாய் வீட்டுக்கு வர வேண்டிய பிள்ளைய மாமியாக்காரி பாத்தா. "எங்க அம்மாவுக்கு நான் முக்கியம் இல்ல"ன்னு அவ ஓசூர்லருந்து போன்ல அழுதது எனக்கு இன்னும் காதுல கெடக்கு. இப்ப ரெண்டாவது. ஆவணியில தேதி குடுத்திருக்காக. இந்தத் தடவ போகலைன்னா எனக்கு மக கிடையாது. அவ அப்படியே சொல்லிட்டாம்மா.

சரி, விஷயத்துக்கு வாரேன். இந்தத் தடவ கோயம்புத்தூர் அத்தான் காருல கொண்டாந்து மாமாவ எறக்கிட்டு, அப்படியே திருவனந்தபுரம் போயி ஏரோப்பிளேன் ஏறிட்டாக, அமெரிக்காவுல மகன் வீட்டுக்கு. பை கார் டிக்கியிலயே இருந்துட்டு. காரு ஏர்போர்ட்டுல பூட்டிக் கெடக்கு, சாவி அவுக பையில, அவுக ஆகாசத்துல. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. மெடிக்கல் ஸ்டோர்ல போயி "செவப்பு அட்டை, மதுரை வீட்டு மாத்திரை குடுங்க"ன்னு கேக்க முடியுமா?

இவுக, எங்க வீட்டுக்காரவுக, ஒரு ஆட்டோவப் பிடிச்சு மாமாவ பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாக. அங்கன ஒரு டாக்டரம்மா, சின்னப் பிள்ளை, எஞ்செண்பகத்தவிட எளையவளா இருப்பா. என்னென்ன சாப்புடுதாருன்னு கேட்டா. நான் வீடு வீடா சொன்னேன். சிரிச்சுட்டா. அப்புறம் பிரஷரு, சுகரு, ரத்தம் எல்லாம் பாத்துட்டு ரெண்டே ரெண்டு மாத்திரை எழுதுனா. "இப்பத்திக்கு இது போதும், நெதமும் பிரஷர் பாக்கக் கூட்டிட்டு வாங்க, ஒண்ணுன்னா ஒடனே தூக்கிட்டு வாங்க"ன்னா. எனக்கு வயித்தெரிச்சல். இத்தன மாத்திரை சாப்புடுத ஆளுக்கு ரெண்டு எப்படிப் பத்தும்? இனாமா பாக்குத எடம்னா அவ்வளவுதான்னு நெனச்சேன்.

மொத வாரம் பட்ட பாடு சொல்லி முடியாது. தூக்கம் இல்ல, வேர்வை, கத்தல். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலைஞ்சோம். போயிருவாகன்னே நெனச்சேன். அப்புறம் ஒருநாள் காலைல காப்பியக் குடுத்தேன். ஒரு வாய் குடிச்சாக. குடிச்சிட்டு, "ஒலகு, சீனி பத்தல"ன்னாக.

எனக்கு உலகம்மாள்னு பேரு. அவுக வாயில எம்பேரு வந்து எத்தன வருசம் ஆச்சு தெரியுமா? நான் ஓடிப் போயி அடுப்படியில நின்னு அழுதேன். பொய் சொல்லல, சந்தோசத்துலதான் அழுதேன்.

அதுக்கப்புறம் நாளுக்கு நாள் தெளிச்சல். கை நடுக்கம் நின்னுட்டு. பூனையக் காணும். தானா எந்திரிச்சு செவத்தப் பிடிச்சிக்கிட்டு நடந்து போயி நடையில உக்காந்து பேப்பர் படிச்சாக. அவுக மின்சார வாரியத்துல லைன்மேனா இருந்தவுக. மேல பாத்துட்டு, "இந்தப் பேன் முனங்குதே, கண்டென்சரு போச்சு, மாத்தச் சொல்லு"ன்னாக. மாத்துனோம், காத்து பிச்சுக்கிட்டு அடிச்சிது. ரெண்டு வருசமா முறைக்கு வரும்போதெல்லாம் அந்த பேன் அடியிலதான் படுத்திருந்தாக, ஒரு நாளாவது சொன்னாகளா?

தெருவுல எனக்கு ஒரே பேரு. மருமகள்னா இவதான்னு. நானும் கொஞ்சம் நிமிந்துதான் நடந்தேன்.

எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, அத்தையக் கேக்குற வரைக்கும்.

"அவ இப்ப எந்த வீட்டுல இருக்கா?"ன்னாக. பேப்பர மடிச்சு வச்சிட்டு, சாதாரணமாத்தான் கேட்டாக. அத்தை போயி வருசம் திரும்பிட்டும்மா. கோயம்புத்தூர்ல வச்சுப் போனாக. அப்ப மாமா மதுரையில. காருல வச்சு அங்க கூட்டிட்டுப் போயி, நடுக்கூடத்துல நாற்காலி போட்டு உக்கார வச்சிருந்தோம். எல்லாம் அவுக முன்னாலதான் நடந்துச்சு. நான் சட்டுனு, "மதுரையில இருக்காக மாமா"ன்னுட்டேன். அன்னைக்குத் தப்பிச்சாச்சு. மறுநாளும் கேட்டாக. போன் போட்டுக் குடுன்னாக. சிக்னல் இல்லன்னேன். "இந்த முறை முடிஞ்சா அவ இங்க வருவாளா, இல்ல நான் போகணுமா?"ன்னு கேட்டாக. எங்க வீட்டுக்காரவுக எப்பவும் வாயத் தொறக்காத மனுசன். அன்னைக்கு அவுகதான் அப்பா காலடியில தரையில உக்காந்து சொல்லிட்டாக.

மாமா கண்ணாடியக் கழட்டி வச்சாக. அப்புறம், "நான் இருந்தேனா?"ன்னாக.

"இருந்தீய மாமா, மொத ஆளா நாற்காலியில உக்காந்திருந்தீய"ன்னேன்.

"வாய்க்கரிசி?"

"நீங்கதான் மாமா மொதல்ல போட்டீய. மூத்த அத்தான் கையப் பிடிச்சுப் போட வச்சாக."

அவுக கையப் பாத்தாக. திருப்பித் திருப்பிப் பாத்தாக, வேற யாரோட கையோங்குற மாதிரி. "எனக்கு ஒண்ணும் தெரியலையே ஒலகு, ஒண்ணுமே தெரியலையே"ன்னு அழுதாக பாருங்க. கல்லும் கரைஞ்சிரும். அன்னைக்கு அழ வேண்டியத இப்ப அழுதாக, அவ்வளவுதான். நான் அத்தை போட்டோவுக்குப் பூ வாங்கிப் போட்டு, வெளக்கு ஏத்தி, பக்கத்துல உக்கார வச்சேன். நான் ஒண்ணும் ஈரமில்லாதவ இல்ல.

அப்பப் பாத்து அந்தப் பை வந்து சேந்துச்சு. அமெரிக்காவுலருந்து அத்தான் யாரையோ விட்டு, பூட்டுக்காரன வச்சுக் கார் டிக்கியத் தொறந்து, கூரியர்ல அனுப்பியிருந்தாக. பைய அந்தச் சின்ன டாக்டரம்மாகிட்டக் கொண்டு காட்டுனேன். அவ மேசையில எல்லாத்தையும் பரப்பிட்டு, செவப்பு அட்டையையும் வெள்ளை அட்டையையும் எடுத்து, "ரெண்டும் ஒரே மருந்துதாம்மா, பேருதான் வேற, ரெண்டையுமா குடுத்தீங்க?"ன்னா. குடுக்காம? ஒண்ண நிறுத்துனா மதுரைக்காரவுக கோவிப்பாக, இன்னொண்ண நிறுத்துனா கோயம்புத்தூர்க்காரவுக கோவிப்பாக. அவளுக்கு இதெல்லாம் எங்க புரியப் போகுது? எதையும் குடுக்க வேண்டாம்னு திருப்பிக் கட்டிக் குடுத்துட்டா.

வீட்டுக்கு வந்து பையப் பாத்தவுடனே மாமா ஒவ்வொரு அட்டையா எடுத்து, "இது எந்த வீட்டுது?"ன்னாக. மதுரைன்னேன். தள்ளி வச்சாக. "இது?" கோயம்புத்தூரு. தள்ளி வச்சாக. "உன் வீட்டுது எது?" எங்க வீட்டுது ஒண்ணும் இல்ல மாமான்னேன். அவுக என் தலையில கைய வச்சு, "அதான் நான் முழிச்சிருக்கேன்"னாக. "இனிமே நான் எங்கயும் போகல ஒலகு. இந்த வீட்டுலதான் இருப்பேன், இந்த வீட்டுலதான் போவேன்"னாக.

கேக்க எப்படி இருக்கு? பெருமையாத்தான இருக்கு? எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு, ஒரு நிமிசம். அப்புறம் செண்பகம் ஞாபகம் வந்துட்டும்மா. முறை முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்குன்னு நான் ஓசூருக்கு முறுக்கு சுட்டு டப்பாவுல அடைச்சு வச்சிருக்கேன். பிள்ளைக்கு வசம்பு, துணி எல்லாம் எடுத்து வச்சாச்சு. அவுக பாட்டுக்கு இங்கயே இருப்பேன்னா? அந்த ஒடம்பு நூறத் தாண்டும் போல இருக்கு. எனக்கு அறுபத்திரெண்டு. முட்டி தேஞ்சு கெடக்கு. நான் மொதல்ல போவேனா அவுக மொதல்ல போவாகளான்னு யாருக்குத் தெரியும்?

மூத்த அத்தான் முறைப்படி கூப்புட வந்தாக. மாமா வாசல் கிரில் கம்பிய ரெண்டு கையாலயும் பிடிச்சாகம்மா. லைன் கம்பத்துல ஏறுன கையில்லா? விரல ஒண்ணொண்ணா எடுத்து விட்டாலும் மறுபடி பிடிச்சுக்கிடுதாக. "என் பொஞ்சாதி செத்தது தெரியாம என்னை வச்சிருந்த வீட்டுக்கு நான் வர மாட்டேன்"னு தெருவுக்கே கேக்கக் கத்துனாக. அத்தான் மூஞ்சி செத்துப் போச்சு. காபிகூடக் குடிக்காமத் திரும்பிப் போயிட்டாக.

அன்னைக்கே மூத்தக்கா போன். "நல்லா சாதுவா இருந்த மனுசன். நீ மாத்திரைய நிறுத்துன, இப்ப ஆட்டம் ஆடுதாரு. நிறுத்துன வீடே வச்சுப் பாத்துக்கிடட்டும், இனிமே முறை கிடையாது"ன்னா. கோயம்புத்தூரு அத்தானும் அமெரிக்காவுலருந்து அதையேதான் சொன்னாக. நான் நிறுத்துனேனா? பை டிக்கியில இருந்துச்சு! யாரு கேக்கா? இவுககிட்ட, "உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க"ன்னேன். அந்த பேனப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாக.

நீங்களே சொல்லுங்க, நான் என்ன செய்ய? எந்தப் பக்கம் போவ? அந்தப் பக்கம் எம்மக, இந்தப் பக்கம் கிரில் கம்பி.

நானா ஒண்ணும் முடிவு பண்ணல. ராஜபாளையத்துல ஒரு டாக்டரு இருக்காரு, கூட்டம் அலைமோதும். அவருகிட்டக் கூட்டிட்டுப் போனேன். உள்ளதத்தான் சொன்னேன். சரியாத் தூங்க மாட்டேங்காக, கத்துதாக, அழுதாக, கம்பியப் பிடிச்சா விட மாட்டேங்காக. இதுல எது பொய்? அவரு மாமாவ ஒரு பார்வை பாத்துட்டு எழுதிக் குடுத்தாரு. நான் மெடிக்கல் ஸ்டோர்ல வாங்குனேன். மஞ்ச அட்டை. சின்னதா, வழவழன்னு, அழகா இருக்கும். இந்தா பாருங்க. இதுதான் எங்க வீட்டு மாத்திரை.

மொத நாள் அட்டையப் பிச்சு நீட்டுனேன். "எந்த வீட்டுது?"ன்னாக. நம்ம வீட்டுது மாமான்னேன். எம்மூஞ்சியப் பாத்தாக. வாயத் தொறந்து வாங்கிக்கிட்டாக. ஒரு கேள்வி கேக்கலம்மா. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. அப்புறம் பழகிட்டு. கொஞ்சம் கொஞ்சமா மத்த வீட்டு மாத்திரையையும் இது கூடவே சேத்துக் குடுத்தா, அதையும் நம்ம வீட்டுதுன்னே நெனச்சு வாங்கிக்கிடுதாக. ஒரு வீட்டுக்கும் மனக்குறை இல்ல. மூத்தக்காகூட போன்ல, "பரவாயில்ல, நீயும் டாக்டரப் பாத்துருக்க, சரி, முறைப்படி கொண்டாந்து விடு"ன்னா. எத்தன வருசம் கழிச்சு அவ வாயிலருந்து ஒரு நல்ல வார்த்தை!

அந்தச் சின்ன டாக்டரம்மா ஒருநாள் பஜார்ல எதுக்க வந்துட்டா. "தாத்தா எப்படி இருக்காரு, பேப்பர் படிக்காரா, ஏன் கூட்டிட்டே வரல?"ன்னு கேட்டா. நல்லா இருக்காகன்னு சொல்லிட்டு வாழத்தாரு கட்டியிருந்த கடைக்குள்ள நுழைஞ்சிட்டேன். வேண்டாத பழத்த வாங்கிட்டு வந்தேன். எதுக்கு நுழைஞ்சேன்னு எனக்கே தெரியல. நான் என்ன தப்பு பண்ணுனேன்? டாக்டர் எழுதாத மாத்திரை ஒண்ணாவது நான் குடுத்திருக்கேனா?

இப்ப அவுகளுக்கும் நிம்மதிதான். அத்தை போனது மறந்துட்டு. அழுகை இல்ல. அன்னைக்கு அழுத அழுகையப் பாத்திருந்தா நீங்களே குடுத்துருங்கன்னு சொல்லியிருப்பீய.

இது எந்த ஸ்டேசன், திருமங்கலமா? அப்ப நேரம் ஆயிட்டு. எறங்குறதுக்கு முன்னாலயே குடுத்துரணும். மதுரையில மூத்த அத்தான் சக்கர நாற்காலியோட நிப்பாக, ஆனா இவுக இந்த சன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டா நான் ஒருத்தி என்ன செய்ய முடியும்? நாளைக்கு நான் ஓசூர் பஸ்ஸுல இருக்கணும்.

மாமா. மாமா, எந்திரிங்க. கண்ணு தொறந்துட்டாக பாருங்க. என்ன மாமா? மதுரைக்கு மாமா. என்ன கேக்கீய? அவ அங்கனயா இருக்கா? ஆமா மாமா, அத்தை அங்கனதான் இருக்காக. பாக்கத்தான போறோம்.

என்னம்மா அப்படிப் பாக்கீய? வேற என்னத்தச் சொல்லச் சொல்லுதீய? அந்தத் தண்ணி பாட்டில எடுத்துக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க, மறுபடி கை ஆடுது அவுகளுக்கு, மேல எல்லாம் கொட்டிருவாக. நல்லாப் பிடிங்க, ஏன் கைய இழுத்துக்கிடுதீய?

இது எந்த வீட்டு மாத்திரையா? நம்ம வீட்டுது மாமா. ஒலகு வீட்டு மாத்திரை. ஆங், தொறங்க. இன்னும் கொஞ்சம். முழுங்கிருங்க.

பாத்தீயளா? எங்க வீட்டுதுன்னா ஒரு சொல்லு மறுத்துப் பேச மாட்டாக.